மணலில் உள்ள கதிரும் கழுத்தில் தொங்கும் தாயத்தும்

(நைனார்பாளையத்தில் நடைபெற்ற கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் கடவுளைப் பற்றியதல்ல. புராணத்தைப் பற்றியதும் அல்ல. மண்ணைப் பற்றியது. "மண்ணைப் பற்றி நமக்குத் தெரியாததையா இவர்கள் வந்து சொல்லிவிடப் போகிறார்கள்?" என்று சோளமும் மரவள்ளியும் கரும்பும் வைத்துப் பிழைக்கும் உங்களுக்குத் தோன்றலாம். தோன்றுவது நியாயமே. ஆனால் மண்ணில் ஒரு கதிர் உண்டு. அது சோளக்கதிர் அல்ல, கண்ணுக்குத் தெரியாத கதிர். அதைப்பற்றி நாம் தெரிந்து கொள்ளாமல் இருப்பதனாலேயே இரண்டு கூட்டத்தார் நம்மை ஏய்க்கிறார்கள். ஒரு கூட்டம் அதைச் சொல்லி நம்மைப் பயமுறுத்துகிறது. மற்றொரு கூட்டம் அதையே "சக்தி" என்று சொல்லி நம்மிடம் விற்கிறது.

நாம் இங்கு வேறு ஒரு விஷயத்தைப் பேசுவதாகத்தான் வந்தோம். மேடைக்கு வருமுன் ஒரு தோழரைச் சந்தித்தோம். அவர் கழுத்தில் கறுப்பாய், வட்டமாய் ஒரு பதக்கம் தொங்கிற்று. "என்ன தோழரே, தாயத்தா?" என்றோம். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "தாயத்தெல்லாம் கழற்றி எறிந்து இருபது வருஷம் ஆயிற்று. இது விஞ்ஞானம். எரிமலைக் கல்லில் செய்தது. எதிர் அயனி விடும். மூட்டுவலி போகும், சர்க்கரை குறையும், செல்பேசிக் கதிரைத் தடுக்கும்" என்றார். விலையைக் கேட்டோம். ஒரு குடும்பத்துக்கு ஒரு மாத மளிகைச் செலவு! மந்திரித்த கயிற்றை நம்பாத மனிதர், "விஞ்ஞானம்" என்ற ஒரு வார்த்தையைக் கேட்டதும் கழுத்தை நீட்டிவிட்டார். ஆகவே, பேச வந்ததை நிறுத்திவிட்டு இதையே பேசுவது என்று தீர்மானித்தோம். அந்தத் தோழர் முன் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவர் பேரைச் சொல்லப் போவதில்லை. அவர்மேல் நமக்குக் குறையும் இல்லை. ஏமாந்தவன் மேல் கோபித்துக்கொள்வதைவிட, ஏமாற்றுவதற்கு வழியாயிருக்கிற அறியாமையைப் போக்குவதே நம் வேலை.

பெயரில் அருமை

அருமண் தனிமங்கள் என்று 17 தனிமங்கள் உண்டு. லாந்தனம், சீரியம், நியோடிமியம், சமேரியம், யூரோப்பியம் என்று பெயர்கள் போகும். "அரு" என்றால் கிடைத்தற்கரியது என்று பொருள். உண்மையில் அவை அப்படியா என்று பார்த்தால், இல்லை. பூமியின் மேலோட்டில் சீரியம் கிட்டத்தட்ட செம்பு இருக்கிற அளவுக்கு இருக்கிறது. ஈயத்தைவிட அதிகமாக இருக்கிறது. இந்தக் கூட்டத்தில் மிகவும் குறைவாகக் கிடைப்பவற்றில் ஒன்றான தூலியங்கூட வெள்ளியைவிட அதிகம். பின் ஏன் இந்தப் பெயர்? முதலில் கண்டெடுத்த காலத்தில் அரிதென்று எண்ணினார்கள், பெயர் வைத்தார்கள், ஒட்டிக்கொண்டது. பொருள் மாறினாலும் பெயர் போவதில்லை. "மேல்", "கீழ்" என்று மனிதனுக்கு வைத்த பெயர்களும் இப்படித்தானே, தோழர்களே! பெயரைப் பார்த்துப் பொருளை மதிக்காதே, பொருளைப் பார்த்துப் பெயரைத் திருத்து என்பதுதான் பகுத்தறிவு.

சுவீடன் நாட்டிலே இட்டர்பி என்று ஒரு சிற்றூர். அங்கே கிடைத்த ஒரு கருங்கல்லை 1794ல் கடோலின் என்ற ரசாயன அறிஞர் சோதித்துப் பார்த்தார். அதிலிருந்து தொடங்கிய ஆராய்ச்சியினால் அந்தச் சிற்றூரின் பெயரை இட்ரியம், டெர்பியம், எர்பியம், இட்டெர்பியம் என்று நான்கு தனிமங்கள் தாங்கி நிற்கின்றன. அந்த ஊரில் சாமி பிறக்கவில்லை. எந்த அவதாரமும் நடக்கவில்லை. ஒரு கல்லை எடுத்து "இது என்ன?" என்று ஒருவன் கேட்டான். அவ்வளவுதான்.

இந்தத் தனிமங்கள் ஒன்றோடொன்று ரசாயன குணத்தில் மிகவும் ஒத்தவை. பிரிப்பது பெரும்பாடு. 1911ல் அமெரிக்காவில் சார்லஸ் ஜேம்ஸ் என்பவர் சுமார் 15,000 முறை கரைத்துப் படிகமாக்கி, தூய தூலிய உப்பைப் பிரித்தெடுத்தார். நம் நாட்டிலும் லட்சத்தெட்டு முறை, கோடி முறை என்று ஒரே வார்த்தையைத் திருப்பித் திருப்பிச் சொன்னவர்கள் உண்டு. அவர்களுக்குக் கிடைத்தது தொண்டை வறட்சி. இவருக்குக் கிடைத்தது ஒரு புதிய பொருள்.

கல்யாண அரிசி

நிற்க, நம் தமிழ்நாட்டுச் சங்கதிக்கு வருவோம். கன்னியாகுமரிக்குப் போனவர்கள் அங்கே கறுப்பும் சிவப்புமாய்க் கிடக்கும் மணலைப் பார்த்திருப்பீர்கள். பொட்டலம் கட்டி விற்கவும் செய்வார்கள். அது ஏன் பல நிறம் என்று கேட்டால் ஒரு கதை சொல்லுவார்கள். குமரித் தெய்வத்துக்கும் சிவனுக்கும் கல்யாணம் நிச்சயமாயிற்றாம். மாப்பிள்ளை வந்து சேர்வதற்குள் முகூர்த்தம் தப்பிவிட்டதாம். சமைக்காமல் கிடந்த அரிசியும் பருப்பும் மணலாய்ப் போயிற்றாம்!

இந்தக் கதையைச் சொன்னவன் அந்த மணலில் ஒரு பிடியைக் கையில் எடுத்து உற்றுப் பார்த்திருந்தால் நாட்டுக்கு எவ்வளவோ லாபம் ஏற்பட்டிருக்கும். உற்றுப் பார்த்தவன் யார் தெரியுமா? 1909ல் ஷோம்பெர்க் என்ற ஒரு ஜெர்மானியன். திருவிதாங்கூர் கடற்கரையிலிருந்து ஜெர்மனிக்குப் போன தென்னங்கயிற்றில் ஒட்டிக்கொண்டிருந்த மணலை அவன் தட்டிப் பார்த்தான், சோதித்தான். அதில் மோனசைட்டு என்ற கனிமம் இருந்தது. கப்பல் ஏறி வந்து மணவாளக்குறிச்சியில் ஆலை வைத்தான். நாம் கயிற்றை விற்றோம்; அவன் கயிற்றில் ஒட்டிய தூசியில் பணத்தைக் கண்டான்!

அந்த மணல் அங்கே சேர்ந்த காரணம் நம் தாய்மார்களுக்கு எளிதில் விளங்கும். முறத்தில் போட்டுப் புடைத்தால் பதர் பறந்துபோய், கனமான மணி முறத்திலேயே தங்குகிறதல்லவா? மேற்கு மலைகளின் பாறை வெயிலிலும் மழையிலும் பொடிந்து, ஆற்றோடு கடலுக்குப் போகிறது. கடலலை ஓயாமல் புடைக்கிறது. சாதாரண வெண்மணல் லேசானது, அடித்துக்கொண்டு போய்விடும். இல்மனைட்டு, கார்னெட், சிர்க்கான், மோனசைட்டு ஆகியவை கனமானவை, கரையில் தங்கிவிடும். கறுப்பு இல்மனைட்டு; சிவப்பு கார்னெட். கல்யாணமும் இல்லை, முகூர்த்தமும் இல்லை.

1947ல் திருவிதாங்கூர் திவான் சர் சி.பி. இராமசாமி அய்யர் தம் சமஸ்தானத்தைத் தனி நாடு ஆக்குவேன் என்று புறப்பட்டாரே, அந்தத் தைரியத்துக்கு இந்த மணலின் பெறுமானமும் ஒரு காரணம். பிறகு 1950ல் இந்திய சர்க்காரும் திருவிதாங்கூர்-கொச்சி சர்க்காரும் சேர்ந்து இந்திய அருமண் நிறுவனத்தை ஏற்படுத்தின. 1952ல் ஆலுவாயில் அதன் ஆலை திறக்கப்பட்டது. 1956ல் கன்னியாகுமரி நம் மாகாணத்தோடு சேர்ந்தது. 1965ல் மணவாளக்குறிச்சி ஆலையும் அந்த நிறுவனத்தின் கீழ் வந்தது. இன்றும் நடந்து வருகிறது.

கூட்டாளி யார்?

இனி, கதிருக்கு வருவோம். அருமண் என்றாலே கதிர் வீசும் என்று பலரும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். இது தவறு. 17ல் ஒன்றே ஒன்றுதான் கதிர் வீசாத வடிவமே இல்லாதது. அது புரொமீத்தியம். அது இயற்கையில் தேடினாலும் கிடைக்காத அளவுக்கு அழிந்து போய்விட்டது. 1945ல் அமெரிக்காவில் அணு உலைக் கழிவிலிருந்து எடுத்துத்தான் அதைக் கண்டார்கள். சமேரியம், லூட்டீசியம், லாந்தனம் போன்ற சிலவற்றில் ஒரு பகுதி கதிர் வீசுவது மெய். ஆனால் எப்படி? சமேரியத்தில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு கதிர் வீசும் வகை. அதில் பாதி அழிய 10,600 கோடி ஆண்டு வேண்டும். பூமியின் வயதே 454 கோடி ஆண்டுதான். அவ்வளவு மெதுவாகக் கசியும் கதிரால் யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை.

அப்படியானால் மணவாளக்குறிச்சி மணலில் கதிர் எங்கிருந்து வருகிறது? கூட்டாளியிடமிருந்து வருகிறது. அந்தக் கூட்டாளியின் பெயர் தோரியம். அது அருமண் அல்ல, வேறு இனம். ஆனால் அதன் அணு, அளவில் சீரியம் முதலியவற்றை ஒத்திருப்பதால், பாறை உருவாகும்போது அவற்றின் இடத்தில் இதுவும் போய் உட்கார்ந்து கொள்ளுகிறது. நம் நாட்டு மோனசைட்டில் தோரியம் ஆக்சைடு நூற்றுக்கு 8 முதல் 10 பங்கு வரையில் உண்டு. கொஞ்சம் யுரேனியமும் உண்டு. அருமண்ணைப் பிரித்தெடுத்தால் தோரியம் கழிவில் தங்கும். ஆகவே ஆபத்து ஏதேனும் உண்டென்றால் அது அந்தக் கழிவைக் காப்பதிலேதான் இருக்கிறதே ஒழிய, உங்கள் வீட்டுத் தொலைபேசிக்குள் இருக்கும் நியோடிமியம் காந்தத்தில் இல்லை.

இந்தத் தோரியம் நமக்குப் புதிது அல்ல. நம் இயக்கம் கிராமங்களில் கூட்டம் நடத்தத் தொடங்கிய காலத்தில் மின்சாரம் ஏது? பெட்ரோமாக்ஸ் விளக்கை ஏற்றி வைத்துத்தான் இராத்திரி கூட்டம். அந்த விளக்கிலே வெள்ளையாய் எரிந்த வலை இருக்கிறதே, அது நூற்றுக்கு 99 பங்கு தோரியம் ஆக்சைடு, ஒரு பங்கு சீரியம் ஆக்சைடு. ஆஸ்திரியாவில் அவுவர் என்ற அறிஞர் 1891ல் கண்டுபிடித்த கலவை. உலகத்துக்கு வேண்டிய அந்த மணலைக் கொடுத்த இடங்களில் நம் தென்கோடிக் கடற்கரையும் ஒன்று. சாமி உலாவுக்கும் அந்த விளக்குத்தான் முன்னே போயிற்று. சாமிக்கு வெளிச்சம் கொடுத்தது மணல். மணலுக்கு வெளிச்சம் கொடுத்தது சாமி அல்ல!

தோரியம் என்ற பெயரையும் பாருங்கள். 1829ல் அதைக் கண்டறிந்து சொன்ன பெர்சீலியஸ், வடநாட்டு ஐரோப்பியரின் இடிக் கடவுளான தோர் என்பவன் பெயரை வைத்தார். நம்மூர் இந்திரன் மாதிரி அவன். இன்றைக்கு தோரைக் கும்பிட அங்கே கோயில் ஒழுங்காய் நடப்பதில்லை. தோரியம் மட்டும் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கிறது. புரொமீத்தியத்துக்கோ, கடவுள்களிடமிருந்து நெருப்பைத் திருடி மனிதனுக்குக் கொடுத்ததாகக் கிரேக்கர் கதை சொல்லும் புரொமீத்தியஸ் பெயரை வைத்தார்கள். அந்தப் பெயரைச் சொன்னது கண்டுபிடித்தவர்களில் ஒருவரின் மனைவி. பெயர் வைப்பதற்குக்கூட யாரைத் தேர்ந்தெடுத்தார் பார்த்தீர்களா? நெருப்பை வைத்திருந்தவனை அல்ல, நெருப்பைப் பங்கிட்டவனை!

பொரியும் சோளமும் பொய்க்கும் ஜோசியனும்

கதிர் வீசுவது என்றால் என்ன? சில அணுக்களின் உட்கரு உறுதியில்லாதது. அது ஒரு துண்டை வெளியே எறிந்துவிட்டு வேறு தனிமத்தின் அணுவாக மாறுகிறது. அந்தத் துண்டும் அதோடு வரும் ஆற்றலுமே கதிர். தோரியம் இப்படிப் படிப்படியாக மாறிக் கடைசியில் ஈயமாகி நின்றுவிடும். யுரேனியம் கதிர் வீசுவதை 1896ல் பெக்கெரல் கண்டார். தோரியமும் வீசுகிறது என்பதை 1898ல் ஜெர்மனியில் ஷ்மிட் என்பவரும், பாரிசில் மேரி கியூரி அம்மையாரும் தனித்தனியே கண்டார்கள். அம்மையார் இரண்டு முறை நோபல் பரிசு பெற்றவர். ஆயினும் 1911ல் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகம் அவரை அங்கத்தினராகச் சேர்த்துக்கொள்ளவில்லை. மூடத்தனம் நம் நாட்டுக்கு மட்டும் சொந்தமல்ல, தாய்மார்களே! பெண்ணைப் படிக்க விட்டால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு, என்ன ஆகும் என்பதற்கு அவரே பதில்.

வாணலியில் ஆயிரம் சோளத்தைப் போட்டு வறுத்தால் எந்த மணி எப்போது பொரியும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் இவ்வளவு நேரத்தில் சுமார் பாதி பொரிந்துவிடும் என்று அனுபவத்தில் சொல்லலாம். அணுவும் அப்படியே. பாதி அழியும் காலத்தை அரை ஆயுள் என்பார்கள். தோரியத்துக்கு அது 1,405 கோடி ஆண்டு. ஒரே ஒரு அணுவைக் காட்டி "இது எப்போது வெடிக்கும்?" என்று கேட்டால் உலகத்தில் எந்த விஞ்ஞானியும் "தெரியாது, தெரியவும் முடியாது" என்று ஒப்புக்கொள்ளுவான். கோடி கோடி அணுக்களைச் சேர்த்துக் கேட்டால் பிசகில்லாமல் சொல்லுவான். ஜோசியனோ தலைகீழ். ஊருக்கு மழை பெய்யுமா என்று கேட்டால் மழுப்புவான். உன் மகளுக்கு எந்த மாதத்தில் கல்யாணம் என்றால் உடனே சொல்லுவான்!

சோளத்துக்கும் அணுவுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. சோளம் சூடு பட்டால்தான் பொரியும். தோரியமோ சுட்டாலும் இடித்தாலும் அமிலத்தில் போட்டாலும் தன் கணக்கை மாற்றிக்கொள்ளாது. மந்திரம் சொன்னாலும் யாகம் வளர்த்தாலும் அப்படியே. அதனால்தான் அதைக் கடிகாரமாகக் கொள்ள முடிகிறது.

அந்தக் கடிகாரம் உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. கல்வராயன் மலையின் பாறை சார்னோக்கைட் என்ற வகை. அதற்கும் அதைச் சேர்ந்த சேலம் பகுதிப் பாறைகளுக்கும் வயது சுமார் 250 கோடி ஆண்டு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். யாருடைய ஞானதிருஷ்டியாலும் அல்ல. யுரேனியம் எவ்வளவு ஈயமாயிற்று, சமேரியம் எவ்வளவு நியோடிமியமாயிற்று என்று அளந்து சொன்னது. 1897ல் கெல்வின் பிரபு என்ற மகா மேதை பூமியின் வயது 2 கோடி முதல் 4 கோடி ஆண்டுதான் என்றார். கதிரைக்கொண்டு அளந்தபோது அது தவறு என்று ஏற்பட்டது. 1956ல் பேட்டர்சன் என்பவர் 455 கோடி என்று அளந்தார். கெல்வின் எவ்வளவு பெரியவர் என்று பார்த்து யாரும் தவறை மூடி மறைக்கவில்லை.

இதைக் கேட்டதும் சில பண்டிதர்கள், "எங்கள் புராணத்தில் ஒரு கல்பம் 432 கோடி ஆண்டு என்று அப்போதே எழுதி வைத்தோமே!" என்று கிளம்புவார்கள். சரி, எதைக்கொண்டு அளந்தீர்கள்? எந்தக் கல்லை எடுத்தீர்கள்? வழியைக் காட்டினால் நாமும் அளந்து பார்க்கலாமே. வழி இல்லை, வெறும் எண் மட்டும் இருக்கிறது. அதுவும் பிரம்மாவின் ஒரு பகல் என்று சொல்லப்படும் எண்ணே தவிர, பூமியின் வயதென்று அளந்த எண் அல்ல. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தால், காக்கைக்கு மரம் ஏறத் தெரியும் என்று பட்டம் கொடுப்பதா?

இன்னொரு வேடிக்கை. ஆனந்த குமாரசாமி என்பவரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இலங்கைத் தமிழரான சர் முத்து குமாரசாமியின் மகன். 1918ல் நடராசர் ஆட்டத்தைப் பற்றிப் புத்தகம் எழுதினார் என்று நம் நாட்டார் அவரைக் கொண்டாடுகிறார்கள். ஆனால் அவர் முதலில் கல்லாராய்ச்சி செய்தவர். இலங்கையின் கனிம ஆராய்ச்சித் தலைவராக இருந்தபோது அவர் கண்டெடுத்த ஒரு கறுப்புக் கனிமத்துக்கு 1904ல் தோரியனைட்டு என்று பெயரிட்டார்கள். அடுத்த வருஷமே லண்டனில் ஓட்டோ ஹான் அதே கனிமத்தைச் சோதித்து ரேடியோதோரியம் என்ற புதுப் பொருளைக் கண்டார். உலக விஞ்ஞானத்தில் ஒரு தமிழர் மகன் வைத்த அடி இது. நம்மவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஆடாத சாமி ஆடியதாக எழுதியது தெரிகிறது. உண்மையிலேயே ஆடிக்கொண்டிருக்கும் அணுவைக் கையில் எடுத்தது தெரியவில்லை!

பயமும் வேண்டாம், பக்தியும் வேண்டாம்

கதிர் என்றால் உடனே நடுங்க வேண்டியதில்லை. நம் ஒவ்வொருவர் உடம்பிலும் பொட்டாசியம் உண்டு; அதில் ஒரு சிறு பங்கு கதிர் வீசும். வளர்ந்த ஓர் ஆளின் உடம்பில் ஒரு விநாடிக்கு 4,000க்கு மேற்பட்ட அணுக்கள் வெடித்துக்கொண்டே இருக்கின்றன. அக்கிரகாரத்து உடம்பிலும் சேரி உடம்பிலும் ஒரே கணக்குத்தான். பிறப்பிலேயே தேஜசு உண்டு என்று சொல்லுகிறவர்கள் கருவி கொண்டுவந்து அளந்து காட்டட்டும்.

கேரளத்தில் கொல்லம் மாவட்டத்துக் கருநாகப்பள்ளிக் கடற்கரையில் இதே மோனசைட்டு மணல் உண்டு. உலகத்தில் ஒரு மனிதன் மேல் இயற்கையாக விழும் கதிர் வருஷத்துக்குச் சராசரி 2.4 மில்லிசீவெர்ட் என்பார்கள். அந்தக் கடற்கரையில் சில இடங்களில் நிலத்திலிருந்து வருவது மட்டுமே இதைப்போலப் பல மடங்கு. திருவனந்தபுரம் புற்றுநோய் மையத்தார் அங்கே 69,958 பேரைச் சராசரி பத்தரை ஆண்டு தொடர்ந்து கவனித்து 2009ல் முடிவை வெளியிட்டார்கள். கதிர் அதிகமான இடத்தில் இருந்தவர்களுக்கு, அந்தக் கதிரின் காரணமாகப் புற்றுநோய் அதிகப்பட்டதாகக் காணவில்லை. இதற்காகக் கதிரினால் கெடுதியே இல்லை என்று யாரும் கருதிவிடக்கூடாது. அந்த அளவில், அந்த மக்களிடம், அத்தனை வருஷத்தில் காணவில்லை என்பதே அதன் பொருள். அதற்கு மேல் நாமாக ஒன்றைச் சேர்த்துச் சொல்லுவது, புராணிகர் வேலை.

கெடுதி எப்போது? வெளியில் இருப்பது உள்ளே போகும்போது. தோரியம் எறியும் ஆல்பாத் துண்டை ஒரு காகிதம் தடுத்துவிடும். நம் மேல் தோலே தடுத்துவிடும். ஆனால் அதே பொருள் உடம்புக்குள் தங்கிவிட்டால் தடுக்க ஒன்றும் இல்லை. 1930 வாக்கில் வைத்தியர்கள் எக்ஸ்ரே படம் தெளிவாக விழுவதற்காகத் தோரியம் ஆக்சைடைக் கலந்த தோரோட்ராஸ்ட் என்ற மருந்தை நோயாளிகளின் இரத்தக் குழாயில் ஏற்றினார்கள். அது கல்லீரலில் போய்த் தங்கியது. பல வருஷம் கழித்து அவர்களில் பலருக்கு ஈரலில் புற்று வந்தது. 1950களில் கைவிட்டார்கள். அதே காலத்தில் அமெரிக்காவில் ரேடியம் கலந்த தண்ணீரைச் "சக்தி நீர்" என்று புட்டியில் அடைத்து விற்றார்கள். பையர்ஸ் என்ற பெரும் பணக்காரர் அதை நூற்றுக்கணக்கான புட்டி குடித்தார். எலும்பு உளுத்து, தாடை கழன்று 1932ல் செத்தார். அவருக்குப் படிப்பு இல்லையா, பணம் இல்லையா? எல்லாம் இருந்தது. கேள்வி கேட்கும் வழக்கந்தான் இல்லை.

ஆலைக் கழிவைப் பற்றியும் ஒரு வார்த்தை. மலேயாவில் ஈப்போவுக்குப் பக்கத்திலே புக்கிட் மேரா என்ற ஊரில் 1982ல் அருமண் ஆலை ஒன்று வேலை தொடங்கிற்று. அது தோரியக் கழிவைச் சரியாக வைக்கவில்லை என்று ஊர்மக்கள் நீதிமன்றம் போனார்கள். 1992ல் ஈப்போ உயர்நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. மேல்கோர்ட்டு 1993ல் அதை மாற்றிற்று. ஆனால் 1994ல் கம்பெனியே மூடிவிட்டது. அந்த ஜனங்கள் சாமிக்குப் பொங்கல் வைத்துவிட்டுச் சும்மா இருந்துவிடவில்லை. "அளந்து காட்டு, அளந்ததை எங்களிடம் கொடு" என்று கேட்டார்கள். நம் குமரி மாவட்டக் கடலோரத்திலும் மணல் எடுக்கும் திட்டம் வரும்போதெல்லாம் ஜனங்கள் கேட்க வேண்டியது இதுதான். அருமண் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. காற்றாலைக்கும் மின்சார வண்டிக்கும் அது வேண்டியிருக்கிறது. கல்பாக்கத்தில் 1996லிருந்து, தோரியத்திலிருந்து உண்டாக்கிய யுரேனியம்-233ஐக் கொண்டு ஒரு சிறு ஆராய்ச்சி உலை இயங்கவும் செய்தது. ஆனால் லாபம் ஒருவனுக்கும் தூசி மற்றொருவனுக்கும் என்பது விஞ்ஞானம் அல்ல. அது பழைய வருணாசிரமமே.

புதுத் தாயத்து

இப்போது அந்தப் பதக்கத்துக்கு வருவோம். "எதிர் அயனி", "குவாண்டம்", "எரிமலைச் சக்தி" என்று பல பெயரில் இவை விற்கின்றன. சிலவற்றில் ஒன்றுமே இல்லை; வெறும் கண்ணாடி, வெறும் மண். பலவற்றில் மோனசைட்டுப் பொடியோ தோரியமோ கலந்திருக்கிறது. விற்கிறவன் ஒரு கருவியை எடுத்துப் பதக்கத்தின் மேல் வைத்து, "பார், எண் ஏறுகிறது, சக்தி வருகிறது" என்று காட்டுகிறானே, அது பொய் அல்ல. எண் ஏறுவது மெய். காற்றில் அயனியை உண்டாக்குவது உள்ளே இருக்கும் தோரியத்தின் கதிர்! 2021 டிசம்பரில் ஹாலந்து நாட்டின் அணுப் பாதுகாப்பு இலாகா இப்படிப்பட்ட பத்துப் பொருள்களைச் சோதித்து, அவை கதிர் வீசுகின்றன, நாள்கணக்கில் அணிந்தால் தீங்கு செய்யலாம், யாரும் அணியாதீர்கள், விற்காதீர்கள் என்று பகிரங்கமாக எச்சரித்தது. அவற்றில் செல்பேசிக் கதிரைத் தடுப்பதாகச் சொல்லி விற்ற பதக்கமும் உண்டு. கதிரைத் தடுக்க வாங்கியதே கதிர் வீசுகிறது!

பழைய தாயத்தையும் இதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய தாயத்துக்குள் ஒன்றும் இல்லை. அதனால் காசுக்கும் அறிவுக்கும் மட்டுமே கேடு. உலகத்தில் தாயத்து உண்டான நாள் முதல், உள்ளே உண்மையிலேயே ஒன்றை வைத்துக் கட்டிய தாயத்து இதுதான். வைத்த அந்த ஒன்றோ உடம்புக்கும் கேடு. மந்திரவாதி நம் தாத்தாவை ஏமாற்றினான். அவன் பேரன் மந்திரத்தை விட்டுவிட்டு விஞ்ஞான வார்த்தையைக் கற்றுக்கொண்டு நம்மை ஏமாற்றுகிறான். வேஷம் மாறிற்று, தொழில் மாறவில்லை.

ஆகவே, இப்படிப்பட்ட பதக்கத்தை யாரேனும் வாங்கியிருந்தால் கழற்றிவிடுங்கள். உடைக்கவோ பொடியாக்கவோ வேண்டாம். பொடி மூச்சில் போனால் அதுதான் கேடு. தண்ணீரில் போட்டு ஊறவைத்துக் குடிக்கச் சொல்லுவார்கள், குடிக்காதீர்கள். குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் பதக்கத்தை நம்பி மாத்திரையை நிறுத்திவிடுவதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து. கதிர் செய்யும் கேடு என்றோ வரலாம், வராமலும் போகலாம். மாத்திரையை நிறுத்திய கேடு நிச்சயம் வரும்.

தோழர்களே! நாம் சொல்லுகிறோம் என்பதற்காக இதை நம்பிவிடாதீர்கள். "விஞ்ஞானம்" என்று சொன்னதும் நம்புவதும், "வேதம்" என்று சொன்னதும் நம்புவதும் ஒன்றே. எவன் எதைச் சொன்னாலும் மூன்று கேள்வி கேளுங்கள். எப்படி அளந்தாய்? வேறு யார் அளந்து பார்த்தார்? அளந்தது தவறாயிருந்தால் ஒப்புக்கொள்வாயா? மூன்றுக்கும் நேராகப் பதில் சொல்லுகிறவன் பேச்சைக் காது கொடுத்துக் கேளுங்கள். கேள்வியைக் கேட்டதும் கோபித்துக்கொள்ளுகிறவன், காவி உடுத்தியிருந்தாலும் சரி, கோட்டுப் போட்டிருந்தாலும் சரி, நம்மையும் கேளுங்கள், நாமே கோபித்துக்கொண்டாலும் சரி, வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

முன் வரிசையில் இருக்கும் தோழர் நாம் பேசிக்கொண்டிருக்கும்போதே பதக்கத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பார்த்தோம். பையில் போட்டதும் போதாது, தோழரே! அது இப்போது நெஞ்சுக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிட்டது. ஒரு தகர டப்பாவில் போட்டு மூடி, ஆள் புழங்காத இடத்தில், பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். விற்றவனிடம் போய்ப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். கொடுக்காவிட்டால் பத்துப் பேருக்கு விஷயத்தைச் சொல்லுங்கள். அந்தப் பத்துப் பேர் ஏமாறாமல் தப்பினால் உங்கள் பணம் வீண்போகவில்லை என்று நாம் கருதுவோம்.